போர்வை என்று பொருள்படும் ஒரு சொல்



வீட்டில் பெரியவர் ஒருவர் வைத்தியசாலையில் இருந்தால், மொழிபெயர்க்கும் வேலை நம்மில் ஒருவருக்குத்தான் வரும். வைத்தியர் பிரெஞ்சில் சொல்வதை அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மாத்திரை, சாப்பாடு, சீனி அளவு என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு நாள் அவர் "சுவான் பலியாதீஃப்" என்பார். அந்த இடத்தில் நமக்கு நா எழாது. கடைசியில் வீட்டாரிடம் நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இனிச் செய்ய ஒன்றும் இல்லையாம்."

அந்த மொழிபெயர்ப்புப் பிழை. அதைப் பிழை என்று காட்டியவர் நாம் வாழும் இதே மொன்றியலில் வேலை செய்த ஒரு வைத்தியர். அந்தச் சொல்லை இன்றைய பொருளில் மருத்துவ உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. பெயர் பால்ஃபர் மவுண்ட்.

அவர் 1939இல் ஒட்டாவாவில் பிறந்தவர். கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். இளம் வயதிலேயே புற்றுநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றுத் தேறினார். பின்பு மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோயல் விக்ரோரியா வைத்தியசாலையில், சிறுநீரகப் பாதைப் புற்றுநோய்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் நிபுணரானார். நோயை வெட்டி எடுத்துக் குணமாக்குவதே அவருடைய வேலை.

அவருடைய பாதை திரும்பியது ஒரு திருச்சபைக் கூட்டத்தால் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1973இல் மொன்றியலில் ஒரு சபையார் மரணத்தைப் பற்றிக் கலந்துரையாட விரும்பி அவரையும் பேச அழைத்தார்கள். அதற்காக எலிசபெத் கூப்லர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் வெளியிட்ட நூலை அவர் படித்தார். மரணத் தறுவாயில் இருப்பவர்களை வைத்தியசாலைகள் தனியே விட்டுவிடுகின்றன என்பது அந்த நூலின் குற்றச்சாட்டு. நம்முடைய வைத்தியசாலையில் அப்படி இருக்காது என்றுதான் மவுண்ட் நினைத்தார். ஆனாலும் நினைப்பதோடு நிற்காமல் விசாரித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வந்த பதில் அவரைத் தலைகுனிய வைத்தது. நோயாளிகளின் வலி சரியாகத் தணிக்கப்படவில்லை. அவர்களுடைய பயத்தைக் கேட்கவும் ஆள் இல்லை.

அதே ஆண்டு அவர் லண்டனுக்குப் போனார். அங்கே சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் இருந்தது. தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்பு வைத்தியரான விசுவாசி அவர். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் ஆவியிலும் இருக்கிறது என்று அவர் கற்பித்தார். வலி திரும்பி வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுப்பது அவருடைய முறை. மவுண்ட் அதை நேரில் பார்த்துக் கற்றார்.

1975 ஜனவரியில் றோயல் விக்ரோரியாவில் இந்தச் சேவை ஒரு பரீட்சார்த்த முயற்சியாகத் தொடங்கியது. சாண்டர்ஸின் இல்லம் தனிக் கட்டடம். மவுண்ட் அதே பராமரிப்பைப் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்குள்ளேயே கொண்டுவந்தார். ஒரு விடுதி, வீடு தேடிப் போகும் தாதியர், மற்ற விடுதிகளுக்கு ஆலோசனை சொல்லும் குழு, இறந்தவரின் குடும்பத்தைப் பின்பும் விசாரிக்கும் ஏற்பாடு எல்லாம் அதில் இருந்தன. மக்கிலின் வலி ஆராய்ச்சியாளர் ரொனால்ட் மெல்சாக்குடன் சேர்ந்து வலி மருந்துகளின் பலனை அளந்து 1976இல் வெளியிட்டார். இசையும் நோயாளியின் படுக்கை அருகே வந்தது.

பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. லண்டனில் வழங்கிய 'ஹாஸ்பிஸ்' என்ற சொல், பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் ஆதரவற்றோரைக் கொண்டுபோய்விடும் விடுதியை நினைவூட்டியது. அப்படி ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தால் குடும்பத்தார் கலங்குவார்கள். அதனால் மவுண்ட் 'பலியேட்டிவ்' என்ற சொல்லை எடுத்தார். அதன் வேர் லத்தீன் மொழியில் 'பல்லியம்'. அதற்குப் போர்வை, மேலங்கி என்று பொருள். குளிரில் நடுங்குகிறவர் மேல் போர்த்தும் துணி அது. இன்று உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்துவதும் இதே சொல்தான். கேரளத்தில் வைத்தியர் ராஜகோபால் 2003இல் தொடங்கிய அமைப்புக்கும் 'பல்லியம் இந்தியா' என்றே பெயர்.

2000ஆம் ஆண்டில் மவுண்டுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. நோயாளியின் பக்கம் இருந்தும் அவர் தம் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது.

நல்ல சமாரியன் என்ன செய்தான் என்று ஓய்வுநாள் பாடசாலையில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். காயத்தைக் கட்டினான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான். காயம்பட்டவன் பிழைப்பானா என்று கேட்டுவிட்டு அவன் குனியவில்லை.

இந்தப் பராமரிப்பு புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. நம் வீடுகளில் நீரிழிவு அதிகம். அதனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கும், இதயம் தளர்ந்தவருக்கும் இது உதவும். சாகும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்தே தொடங்கலாம். வீட்டிலும் பெறலாம். இது உயிரை முடித்துவைக்கும் முறையும் அல்ல. கடைசிக் காலத்தில் இதைப் பெறும் உரிமை கியூபெக் சட்டத்திலேயே இருக்கிறது.

நமது வழக்கம் வேறு. "அவருக்குச் சொல்லாதே, மனம் உடைந்துவிடும்" என்று வாசலில் வைத்தே பேச்சை முடித்துவிடுகிறோம். உள்ளே படுத்திருப்பவருக்கோ பாதி தெரிந்திருக்கும். யாரிடமும் கேட்க முடியாமல் அவர் தனியே கிடப்பார். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதும், மன்னிப்புக் கேட்க வேண்டியதும், போதகரை அழைத்து ஜெபிக்க வேண்டியதும் சொல்லப்படாமலே போய்விடும்.

ஆகவே அடுத்த முறை அந்தச் சொல் நம் காதில் விழும்போது, முதலில் வைத்தியரிடம் கேட்போம்: வலிக்கு என்ன செய்வீர்கள், வீட்டுக்கு யார் வருவார்கள், இரவில் யாரை அழைப்பது? பிறகு அம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வோம்: "அம்மம்மா, இனி உங்களுக்கு நோகாமல் பார்ப்பினமாம். நாங்களும் இஞ்சைதான் இருப்பம். உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ."