ஒரு கூரையும் இரு மொழிகளும்

1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசார், தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்றல் வேண்டுமென வாதாடினர். முன்னின்ற ஹண்டி பேரின்பநாயகம் ஆங்கிலக் கல்லூரி ஆசிரியர் என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

1943இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்துக்கு மட்டுமே அரசகரும மொழித் தகுதி கோரிய பிரேரணை, 1944இல் வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழையும் ஏற்றது. தாய்மொழிக் கல்வி ஏழை மாணவனுக்குக் கதவு திறந்தது. இதனை மறுப்பார் யார்? ஆயினும் ஒரே பாடசாலையிலும் சிங்கள வகுப்பு வேறு, தமிழ் வகுப்பு வேறு என்றாயிற்று. அயலான் மொழியைக் கற்கும் மறுபாதிக் கோரிக்கை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆசிரியர்களாகிய நாமும் அதற்காகப் பெரிதும் வருந்தினோமில்லை.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன் அநீதியைச் சிங்களத் தோழனிடம் அவன் மொழியிலேயே எடுத்துரைக்க வல்ல தமிழ் மாணவர் அன்று எத்தனை பேர்?