ஒரு மொறிஸ் மைனரும் நாங்கள் இல்லாத பத்தொன்பது வருடங்களும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் பழைய கார் வைத்திருந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் பழைய மாணவர் ஒருவரின் கல்யாணம் முல்லைத்தீவுப் பக்கம் நடந்தது. மாப்பிள்ளையை அழைத்துப் போக ஒரு மொறிஸ் மைனர் 1000 வந்திருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, பூக்கட்டி, பார்க்க வடிவாக நின்றது. மாப்பிள்ளை ஏறினார். சாரதி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். "டொக்" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி. இரண்டாம் தரம் இழுத்தபோது அந்தச் சத்தமும் இல்லை.

பொடியன்மார் சும்மா இருப்பார்களா? ஒருவர் வானைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணலாம் என்றார். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, வயரைக் கீழ வை. இதுக்கு பிளஸ்தான் எர்த். மாறிக் குடுத்தியெண்டால் ரெண்டு வாகனமும் கெடும்."

எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. வன்னியிலேயே பிறந்து, யுத்தம் முடியும்வரை வன்னியிலேயே கராஜ் வேலை செய்தவர். எங்களைப் பார்த்து, "மாஸ்டர், ஹெட்லைட்டைப் போடச் சொல்லுங்கோ" என்றார். லைட் பிரகாசமாக எரிந்தது. "இப்ப குமிழை இழுக்கச் சொல்லுங்கோ." இழுத்ததும் லைட் மங்கிப்போனது.

"பற்றரி நல்லா இருக்கு. கரண்டும் ஸ்டார்ட்டருக்குப் போகுது. பல்லுத்தான் கடிச்சுப் பிடிச்சிட்டுது" என்றார்.

பிறகு சாவியைப் பூட்டச் சொன்னார். கியரை நாலில் போடச் சொன்னார். ஹாண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டு, நாலு பேரை முன்னால் நிற்க வைத்து காரைப் பின்பக்கம் தள்ளி, விட்டு, திரும்பத் தள்ளி ஆட்டச் சொன்னார். மூன்றாவது ஆட்டத்தில் உள்ளே "டிங்" என்று ஏதோ விடுபட்டது. கியரை நியூட்ரலுக்கு எடுத்துக் குமிழை இழுத்ததும் என்ஜின் உயிர் பெற்றது. எல்லாம் ஐந்து நிமிடம்தான்.

கல்யாணச் சாப்பாடு முடிந்த பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். எழுந்தபோது அஸருக்கு நேரமாகிவிட்டது. அவர் சொன்னதையும், நாங்கள் வாசித்து அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பல் விஷயம். இந்தக் காலத்து வாகனங்களில் ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரத்தை ஒரு மின்காந்தம் தள்ளி, பிளைவீல் பல்லோடு சேர்த்த பிறகுதான் மோட்டார் சுற்றும். பழைய பிரித்தானியக் கார்களில் அப்படி இல்லை. சிறு சக்கரம் ஒரு திருகுத் தண்டில் தளர்வாக இருக்கும். மோட்டார் திடீரென்று சுற்றும்போது தண்டு சுற்றும், சக்கரம் தன் பாரத்தால் பின்தங்கும். பின்தங்கிய சக்கரம் திருகு வழியே ஓடிப்போய் பிளைவீலின் பல்லைப் பிடித்துச் சுழற்றும். என்ஜின் தானாக ஓடத் தொடங்கியதும் அதே திருகு வழியே திரும்ப எறியப்படும். அமெரிக்காவில் வின்சென்ட் பென்டிக்ஸ் இந்த முறையைப் பரவலாக்கியதால் "பென்டிக்ஸ்" என்ற பெயர் நிலைத்தது. எங்கள் கராஜ்களிலும் அதே பெயர்தான்.

இது சிக்கிக்கொள்ளக் காரணங்கள் சில. பற்றரி பலமில்லாவிட்டால் மோட்டார் சோம்பலாகச் சுற்றும், சக்கரம் பாதியில் நின்றுவிடும். பிளைவீல் பல் தேய்ந்திருந்தால் பல்லுக்குப் பல் முட்டி இறுகும். நாலு சிலிண்டர் என்ஜின் அணையும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பல்லும் முதலில் தேயும். கெட்டிக்கார மெக்கானிக்மார் பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, கால் வட்டம் திருப்பிப் போடுவார்கள். இன்னொரு காரணம், திருகுத் தண்டில் எண்ணெய் விடுவது. எண்ணெயில் கிளச் தூசி ஒட்டிப் பசையாகிவிடும். "அதுக்கு எண்ணெய் விடக்கூடாது மாஸ்டர், மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சுக் காயவிடோணும்" என்றார் ஐயா.

காரை ஆட்டியும் விடுபடாவிட்டால், ஸ்டார்ட்டரின் பின்முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் சதுரமாக வெட்டிய தண்டு முனை தெரியும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் சக்கரம் பின்னால் வரும். செய்தவர்களே இது ஒருநாள் சிக்கும் என்று தெரிந்து, கழற்றும் வழியையும் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1956 இல் வந்த மைனர் 1000 இல் இருந்த 948 சிசி என்ஜினின் குடும்பத்தைத்தான் 1958 இல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்டார்கள். இங்கிலாந்தில் பணக்காரப் பொடியன்மார் கூரை திறந்து ஓட்டிய காரும், முல்லைத்தீவில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய காரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்டார்ட்டர் சிக்குவதும் குடும்ப வியாதி.

இந்த ஸ்டார்ட்டர்களைச் செய்தது பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் கம்பனி. அதைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ் 1860களில் தெருத்தெருவாகக் கைவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். பிறகு விளக்குச் செய்து, அதிலிருந்து வாகன மின்கருவிகளுக்குப் போனது கம்பனி. மண்ணெண்ணெய் என்ற சொல்லை மனதில் வையுங்கள், திரும்ப வரும்.

இலங்கையில் இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு காலம் நின்றன? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை, இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டும். மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் வாடகைக் கார்களாகின. எங்கள் வாப்பாவும் 1980களில் ஒரு மைனர் ஓட்டினார். காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்றுவார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், கீழே அமத்தக் கூடாது, மேலே இழுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார். என்ஜின் திருப்பி உதைத்தால் கை முறியும்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், டோர்ச் பற்றரி, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். வாப்பாவின் கார் வீட்டு வாசலில் நின்றது. சாவியும் ஹாண்டிலும் காருக்குள்ளேயே. நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தோம்.

அதற்குப் பிறகு வன்னியில் அந்தக் கார்கள் எப்படி ஓடின என்பதை எங்களுக்குச் சொன்னவர் இந்த ஐயாதான்.

புதிய ஜப்பான் வாகனங்கள் பெற்றோல் இல்லாமல் நின்றுவிட்டன. பழைய ஒஸ்டினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. காரணம் உண்டு. அந்த என்ஜின்களின் அழுத்த விகிதம் குறைவு. அழுத்தம் கூடிய என்ஜினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்து, தட்டி, பிஸ்டனைக் கெடுத்துவிடும். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது, பற்றாது. அதனால் சிறு போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பவுண் மாதிரிப் பாதுகாத்து, காபரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தப் போகும்போதும் கடைசியில் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை பற்றாது.

யுத்தகால இங்கிலாந்திலும் அதற்குப் பின்னும் பெர்குசன் போன்ற உழவு இயந்திரங்கள் இதே மாதிரிப் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் உழுதன. அவற்றுக்குக் கம்பனியே இரண்டு தாங்கி வைத்துக் கொடுத்தது. வன்னியில் அதை மரத்தடியில் நின்று செய்தார்கள்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தால் வழிந்து என்ஜின் எண்ணெயோடு கலக்கும், எண்ணெய் தண்ணீராகும். பிளக்கில் கரி பிடிக்கும். பற்றரியோ புதிதாக வாங்க முடியாது. பலமில்லாத பற்றரியில் ஸ்டார்ட்டர் அடிக்கடி சிக்கும். "அந்த நாளில ஒருநாளைக்கு நாலு காரெண்டாலும் ஆட்டி விட்டிருப்பன்" என்றார். கடைசியில் பலர் ஸ்டார்ட்டரையே மறந்து ஹாண்டிலுக்குத் திரும்பினார்கள். நோயாளியும் காயப்பட்டவரும் பின்சீற்றில் கிடக்க, முன்னால் ஒருவர் குனிந்து நின்று ஹாண்டில் சுற்றுவார். 1995 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து பெருந்தொகையான சனம் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோதும், கிளிநொச்சி 1996 இல் இடம்பெயர்ந்தபோதும் அப்படித்தான் ஓடினவாம்.

பிறகு அவர் எங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். "மாஸ்டர், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், பல்லு, புஷ் எல்லாம் நாங்கள் முந்தி உங்கட ஆக்களின்ர பழைய இரும்புக் கடைகளிலதான் எடுக்கிறது. நீங்கள் போன பிறகு ஸ்பிரிங் உடைஞ்சால் உடைஞ்சதுதான்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் நாங்கள் இழந்ததைத்தான் எண்ணி வைத்திருக்கிறோம். வீடு, காணி, வள்ளம், கடை, கார். நாங்கள் இல்லாத ஊரில் என்ன குறைந்தது என்று யாரிடமும் கேட்டதில்லை. அவரும் இதுவரை எங்களில் யாரிடமும் சொன்னதில்லையாம். யாரும் கேட்கவில்லை என்றார்.

வாப்பாவின் காரைப் பற்றிக் கேட்டோம். நிறம் சொன்னோம். கொஞ்சநேரம் யோசித்தார். "அந்த நிறத்தில ரெண்டு மூண்டு ஓடினது மாஸ்டர்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களை நாங்கள் திரும்பி வந்தபோது பார்த்தோம். பஸ், லொறி, மோட்டார் சைக்கிள், கார். அந்தத் துருவுக்குள் எது யாருடையது என்று தெரியாது. அந்த வாகனங்களில் வந்தவர்களின் இழப்போடு பார்த்தால், கார் ஒரு பொருட்டே இல்லை.

மிஞ்சிய மைனர்கள் இன்று கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் நிற்கின்றன. சிலவற்றைக் கொழும்பில் சேகரிப்பவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் கார் போனாலும் கதை இங்கே இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "மண்ணெண்ணெயில் கார் ஓடியது தெரியுமா?" என்று கேட்டோம். முப்பத்தொரு பேரில் இருவர் கை உயர்த்தினார்கள். இருவரும் தாத்தா சொல்லிக் கேட்டவர்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய மெக்கானிக், வாடகைக் கார் சாரதி, இரும்புக் கடைக்காரர் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். எந்தச் சமூகம் என்று பார்க்க வேண்டாம். பழைய ஹாண்டில், ஸ்டார்ட்டர், நம்பர் பிளேட் கிடந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். பாடசாலையில் ஒரு சிறு மேசை போட்டு வைக்க யோசித்திருக்கிறோம். ஐயா முதல் பொருளாக ஒரு பென்டிக்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்ணெண்ணெயில் கழுவித் தருவாராம்.

கொமெண்டில் உங்கள் வீட்டுக் காரைப் பற்றி எழுதுங்கள். நிறம் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.