ஓசியில் வந்ததா, உரிமத்தோடு வந்ததா?



மலர்க் குழுவினர், "கம்ப்யூட்டர் பற்றி எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு பக்கம்" என்று கேட்டார்கள். எனக்கு நம் விடுதிதான் ஞாபகம் வந்தது. சீனியர்கள் தந்த நோட்ஸுக்குக் காசு கிடையாது. ஒரே நிபந்தனை: "நீ திருத்தினதையும் சேர்த்து ஜூனியருக்குக் கொடுத்துடணும்." கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தவனை என்ன செய்வது? அன்று யாருக்கும் தெரியவில்லை.

1989-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஜி.பி.எல்.' என்ற உரிமத்தை வெளியிட்டார். அதன்கீழ் வரும் புரோகிராமை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், கிடைக்க வழி செய்யவேண்டும். லினக்ஸின் உரிமமும் இதுவே.

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று சில கம்பெனிகள் லினக்ஸை எடுத்துக்கொண்டு நிபந்தனையை மறந்தன. லிங்க்சிஸ் ரூட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் புரோகிராமர்கள் கண்டுபிடித்தார்கள். விடாமல் கேட்டதில் அந்த ஆண்டே மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004-இல் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற பொதுத் திட்டம் பிறந்தது.

கேட்டும் கொடுக்காவிட்டால்? லினக்ஸின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் ஹரால்ட் வெல்ட்டே கோர்ட்டுக்குப் போனார். எதிர்த்தரப்பு சைட்காம் கம்பெனியின் ஜெர்மன் கிளை. 2004 ஏப்ரலில் மூனிக் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மே மாதம் அதை உறுதி செய்தது.

தீர்ப்பின் சாரம் எளிது. எழுதியவனுக்குப் பதிப்புரிமை உண்டு. பிறருக்கு அனுமதி தருவது அந்த உரிமம் மட்டுமே. நிபந்தனையை மீறினால் அனுமதியும் போய்விடும். "இந்த உரிமமே செல்லாது" என்று கம்பெனி வாதாடினாலும் பிரயோசனமில்லை. 'அப்படியானால் எந்த அனுமதியில் விற்றாய்?' என்ற கேள்வி எழும்! காசு கேட்காத உரிமத்துக்கும் சட்டபலம் உண்டு என்று உலகம் அன்று கண்டுகொண்டது. 2006-இல் பிராங்க்பர்ட் நீதிமன்றமும் டி-லிங்க் வழக்கில் வெல்ட்டேக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது நியாயமில்லை. நோட்ஸைப் பூட்டி வைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆண்டு ஜூனியர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். நோட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சந்திப்புக்குக் கொண்டு வருகிறேன். உரியவர்கள் மன்னித்து வாங்கிக்கொள்ளுங்கள்.