கோதுமையும் குழந்தையின் குடலும்

தில்லியிலும் சண்டீகரிலும் குடியேறிய நாம், அரிசியோடு கோதுமையையும் அடுக்களையில் ஏற்றுக்கொண்டுவிட்டோம். பெரும்பாலோர்க்கு அது நல்லுணவே. ஆயினும் சில குழந்தைகளின் குடலுக்கு அதுவே பகையாகிறது. அந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். அதன் காரணம் வெளிப்பட்ட வரலாறு நாம் அறியத் தக்கது.

1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இந்நோயின் குறிகளைத் தெளிவாக எழுதிவைத்தார்: ஓயாத பேதி, வெளுத்த மலம், மெலிந்த உடல், தடைப்பட்ட வளர்ச்சி. நோய் தீருமாயின் உணவு முறையினால்தான் தீரும் என்பது அவர் முடிபு. ஆனால் எவ்வுணவு குற்றவாளி என்பதை அவர் அறிந்தாரில்லை. மாப்பொருள் மிகுந்ததென்று அரிசியை விலக்கினார். மெல்லிதாக அரிந்து வாட்டிய ரொட்டியை அனுமதித்தார்!

1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவை வெளியிட்டார். அதில் ரொட்டியும் தானியங்களும் விலக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் தேறினர், புகழோ வாழைப்பழத்தைச் சேர்ந்தது.

உண்மையை நிலைநாட்டியவர் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த வில்லெம் டிக்கே. யுத்தத்திற்கு முன்பே அவருக்குக் கோதுமையின்மேல் ஐயம் எழுந்திருந்தது. கோதுமையற்ற உணவைப் பற்றி 1941-இலேயே எழுதினார். 1944-45 குளிர்காலத்துப் பஞ்சமும் அதன் பின் ரொட்டி திரும்பி வந்ததும் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தின. எனினும் ஐயம் சான்றாகாதன்றோ? வேயர்ஸ் என்ற மருத்துவரும் வான் டெ காமர் என்ற வேதியியலாரும் துணை நிற்க, குழந்தைகளின் மலத்தில் வீணாகும் கொழுப்பு அளந்து பார்க்கப்பட்டது. கோதுமை உண்டால் அக்கொழுப்பு மிகுந்தது. அரிசி உண்டால் மிகவில்லை. 1950-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரையில் டிக்கே இவற்றை வெளியிட்டார். குடலைக் கெடுப்பது கோதுமையின் மாப்பொருளன்று, குளுட்டன் என்னும் பசைப்புரதமே என்பதும் சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. அரிசியின்மேல் வீழ்ந்த பழி நீங்க 62 ஆண்டுகள் சென்றன.

இது அயல்நாட்டு நோய் என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. தில்லி வட்டாரத்து ஆய்வொன்று, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் இருப்பதாக 2011-இல் தெரிவித்தது. நாட்பட்ட பேதி மட்டுமன்று. தீராத இரத்தசோகையும் குன்றிய உயரமும்கூட இதன் குறிகளாகலாம்.

ஆயினும் வயிறு கெட்டபோதெல்லாம் கோதுமையைப் பழித்தலும் தவறு. பேதிக்குக் காரணங்கள் பல. ஐயம் எழுந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். தேவையாயின் சிறுகுடலின் சிறு துணுக்கையும் எடுத்துச் சோதிப்பர். அதற்கு முன் நாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டால், சோதனையில் நோய் புலப்படாமற் போகலாம்.

நோய் உறுதியானபின் விலக்கு ஆயுள் முழுமைக்கும் உரியது. சப்பாத்தியோடு ரவை, சேமியா, மைதா, பார்லி ஆகியவற்றையும் தவிர்த்தல் வேண்டும். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. ஆதலின் உறையைப் படித்தே வாங்குதல் நன்று. சோறும் இட்லியும் கேழ்வரகுக் கூழும் அக்குழந்தைக்குத் தடையின்றி ஊட்டத் தக்கவை.