ஆடுகளத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு: பல்வங்கர் பாலு

விளையாட்டில் பெற்ற புகழோடு நகர ஆட்சிக்கு வந்தோர் உலகில் பலர் உண்டு. கல்லூரி ஓட்டப்பந்தய வீரராக விளங்கிய டாம் பிராட்லி, 1973இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அதற்கு நாற்பதாண்டுகள் முன்பே பம்பாயில் அவ்வழியே செல்ல முயன்றவர் பல்வங்கர் பாலு.

1876இல் தார்வாடில், தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர் பாலு. பூனாவில் ஆங்கிலேயரின் விளையாட்டு மன்றத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு மைதானப் பணியாளராக இருந்தார். வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசுவதும் அவர் வேலை. மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் தரப்படவில்லை. அந்த இடைவிடாத உழைப்பே அவரைத் தேர்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆக்கிற்று.

வெற்றிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டதால் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். உணவுக்குத் தனி மேசை. 1906இல் ஐரோப்பியரை இந்துக்கள் அணி 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் அணித்தலைமை அவருக்கு இறுதிவரை மறுக்கப்பட்டது. 1923இல்தான் அவர் தம்பி விட்டல் தலைவரானார்.

இளமையில் அம்பேத்கர் பாலுவைப் பெரிதும் போற்றியவர். பின்னர் அரசியல் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர், சென்னையின் எம். சி. ராஜாவோடு கூட்டுத்தொகுதியை ஆதரித்தார் பாலு. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் மூவரும் கையொப்பமிட்டனர்.

1933இல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை வேட்பாளராக நின்று பாலு தோற்றார். 1937 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

இத்தோல்வியைத் தனிமனிதத் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. திறமையை மெய்ப்பித்தால் சமூகம் மெல்லத் திருந்தும் என்பதற்குப் பாலுவின் வாழ்வே சான்று. அவ்வளவு திறமையும் தலைமையைப் பெற்றுத் தரவில்லை என்பதற்கும் அதே வாழ்வுதான் சான்று. பிறர் மனமாற்றத்துக்குக் காத்திராமல் உரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்ய வேண்டும் என்ற அம்பேத்கரின் வாதத்துக்கு, அவரை எதிர்த்து நின்றவரின் விளையாட்டு வரலாறே வலுச் சேர்த்தது. பாலு 1955இல் மறைந்தார்.