சிறுதொழில்களில் உணர்வுப் பகுப்பாய்வு மென்பொருளின் நம்பகத்தன்மை

சென்டிமென்ட் அனாலிசிஸ் எனப்படும் உணர்வுப் பகுப்பாய்வு, வாடிக்கையாளர் எழுதும் கருத்து பாராட்டா, குறையா, இரண்டும் இல்லையா என்று கணினியே பிரித்துச் சொல்லும் முறை. இணையத்தில் வரும் கருத்துகளைப் படிக்கத் தனி ஆள் வைக்க முடியாத சிறு கடைகளுக்கும் இது விற்கப்படுகிறது.

2002இல் கனடாவின் பீட்டர் டர்னி 410 விமர்சனங்களில் சோதித்த முறை சராசரியாக 74 விழுக்காடு சரியாகச் சொன்னது. கார்களுக்கு 84 கிடைத்தது, திரைப்படங்களுக்கு 66தான். 2018இல் வந்த பெர்ட் போன்ற மொழி மாதிரிகள் ஆங்கிலச் சோதனைத் தொகுப்புகளில் 90ஐத் தாண்டிவிட்டன. ஆனால் ஒரு துறையில் பழக்கிய மென்பொருள் இன்னொன்றில் தடுமாறுவது இன்னும் தீரவில்லை.

விற்பவர் சொல்லும் ‘90 விழுக்காடு துல்லியம்’ சிறிய கடையில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். ஒரு மெஸ்ஸுக்கு வந்த 100 கருத்துகளில் 90 பாராட்டு, 10 குறை என்று கொள்வோம். இரண்டிலும் பத்துக்கு ஒன்று தவறினால், 10 குறைகளில் 9 பிடிபடும். 90 பாராட்டுகளில் 9 குறையாகக் காட்டப்படும். குறை என்று வரும் 18இல் பாதி பொய். கருத்துகள் 40 மட்டுமே என்றால் நிலைமை இன்னும் மோசம். 60 விழுக்காடு பாராட்டு என்று வந்தால், எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அது ஏறத்தாழ 15 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். போன மாதம் 60, இந்த மாதம் 50 என்பதைப் பார்த்துச் சமையல்காரரை மாற்றுவது அநியாயம்.

தமிழில் சிக்கல் கூடுதல். 2020இல் 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்பு யூடியூப் கருத்துகள் ஆய்வுக்காகத் தொகுக்கப்பட்டன. அவ்வாண்டு நடந்த ஆய்வுப் போட்டியில் தமிழுக்கு முதலிடம் பெற்ற முறையின் எஃப்1 மதிப்பெண்ணே (முழுக்கச் சரி என்றால் 1) 0.65தான். ‘சாம்பார் மரண மாஸ், ஆனா பில் போட அரை மணி நேரம்’ என்று ஒருவர் எழுதினால், அகராதி பார்த்து மதிப்பிடும் முறை ‘மரண’த்தில் சறுக்கும். மொத்தத்துக்கும் ஒரே மதிப்பெண் தரும் முறையோ, கல்லாவில் ஆள் போதவில்லை என்ற பயனுள்ள செய்தியை விழுங்கிவிடும். ‘ரொம்ப நல்ல சர்வீஸ், இலையைப் போட்டுட்டு மறந்துட்டாங்க’ என்ற கிண்டல் பாராட்டுக் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

வாங்குமுன், சொந்தக் கடைக்கு வந்த பழைய கருத்துகளில் 100ஐ உரிமையாளரும் ஊழியர் ஒருவரும் தனித்தனியே பிரித்து, மென்பொருளின் முடிவோடு ஒப்பிட வேண்டும். மொத்தத் துல்லியத்தைவிட, உண்மையான குறைகளில் எத்தனையைப் பிடித்தது என்பதே முக்கியம். மாதம் முப்பது நாற்பது கருத்து வரும் கடைக்காரர் அவற்றை நேராகப் படித்துவிடலாம். அதைவிட அதிகம் வந்தால், குறைபோலத் தெரிபவற்றை முதலில் எடுத்துக் கொடுக்க மட்டும் மென்பொருள் போதும்.