ஐஸ் ஹவுஸ் யாருடைய வீடு? பலருக்கும் தெரியாத ஒரு வக்கீலின் கதை

சென்னை திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு ஏரியாவே இருக்கு. அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயருக்குக் காரணம், மெரினா எதிரே வட்ட வடிவ முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம். ஐஸையும் தெரியும், விவேகானந்தரையும் தெரியும். இடையில் அதை வீடாக மாற்றியவர் யார்?

முதலில் ஐஸ் கதை. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 5 ஆண்டுகள் கழித்து, 1842-ல் இதைக் கட்டியது அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டூடரின் கம்பெனி. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியைப் பாளம் பாளமாக வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டு வருவார்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது! நடுக்கடலில் நிற்கும் கப்பலில் இருந்து மசூலா படகில்தான் கரைக்கு வரணும். கரையில் இறங்கும் ஐஸ் உருகாமல் இருக்கத்தான் இந்தக் கிடங்கு. கல்கத்தா, பம்பாயிலும் இப்படி ஐஸ் கிடங்குகள் இருந்தன. இன்று மிஞ்சியிருப்பது சென்னையில் மட்டும்தான்.

உள்ளூரிலேயே மெஷினில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் இறக்குமதி வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். குளிர் வெளியே போகாமல் இருக்கக் கட்டிய கிடங்கில் மனுஷன் எப்படிக் குடியிருப்பது? காற்று வர வட்ட வராண்டாக்கள் எழுப்பினார், ஜன்னல்கள் வைத்தார். தன் நண்பரான உயர் நீதிமன்ற நீதிபதி கெர்னன் பெயரில் 'கேஸில் கெர்னன்' என்று பெயரும் சூட்டினார்.

மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர், 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை இங்கேதான் தங்கினார். பிறகு அவர் அனுப்பிவைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் நடத்திய மடமும் சில ஆண்டுகள் இந்த வீட்டில்தான் இயங்கியது.

1902-ல் பிலிகிரி இறந்தார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் கொஞ்சமும் பதறாமல் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பார்கள். வீடு கைமாறியதும் வளாகத்தில் இருந்த அவுட்ஹவுஸுக்கு மாறினார். 1907-ல்தான் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது.

1917-ல் அரசு வாங்கிய பிறகு, சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைப் படிக்கவைத்த இல்லம் இங்கே நடந்தது. அதுவே தனியாக எழுத வேண்டிய கதை. இன்றைய பெயர் வந்தது 1963-ல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி. 1997 முதல் ராமகிருஷ்ண மடம் பராமரிக்கிறது. உள்ளே கண்காட்சி இருக்கு. விவேகானந்தர் தங்கிய அறை இப்போது தியான அறை.